நீர் வகுத்த எல்லையும் எங்கள் பெயரும்

“எங்கட வயல் அங்க கிடக்கு. நாங்க இருக்கிறது இஞ்ச. எங்களை எந்தக் கணக்கில சேர்ப்பீங்க ஐயா?”

தண்ணீர் பற்றிய உதவித்திட்டம் எதற்குக் கூட்டம் வைத்தாலும், இடம்பெயர்ந்த குடும்பங்களிடமிருந்து எழும் கேள்வி இதுதான். திருகோணமலை மாவட்டத்தில் 1985, 1990, 2006 எனப் பல தடவைகள் ஊரை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். சிலர் திரும்பிப் போய்விட்டார்கள். சிலர் பாதிக் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக மீதிப் பேரை உப்புவெளியிலோ அலஸ்தோட்டத்திலோ வைத்திருக்கிறார்கள். இன்னும் சிலருக்கு ஊர் என்பது ஓர் உறுதிக் காகிதம் மட்டுமே. இவர்கள் எல்லோரும் கமக்காரர்கள். இவர்களுக்கு வயலுக்கும் தண்ணீர் வேண்டும், குடிக்கவும் தண்ணீர் வேண்டும்.

அண்மைக் காலமாக இவ்வகை உதவிகளில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பு கிராம சேவையாளர் பிரிவு எது, பிரதேச செயலகம் எது என்று மட்டுமே கேட்டார்கள். இப்போது, “உங்கள் இடம் எந்த நீரேந்துப் பரப்பில் இருக்கிறது?” என்றும் கேட்கிறார்கள். அதாவது, உதவி பெறத் தகுதியுடையவர் யார் என்பதை நீரின் எல்லையைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். இந்த எல்லை என்ன, இதில் எங்களுக்கு உள்ள நன்மை என்ன, ஆபத்து என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. நீரேந்துப் பரப்பு என்றால் என்ன?

கிடுகு வேய்ந்த ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த மழை முன் தாழ்வாரத்தால் வடியும். அந்தப் பக்கம் விழுந்த மழை பின் தாழ்வாரத்தால் வடியும். இரண்டு துளிகள் அரை அடி தள்ளி விழுந்தாலும் அவை சேரும் இடம் வேறு வேறு. நிலமும் இப்படித்தான். மேட்டு நிலம் முகடாக நிற்கிறது. அதை நீர்பிரிமேடு என்பார்கள். அந்த மேட்டுக்கு உள்ளே விழும் மழை முழுவதும் எந்தக் குளத்துக்கு அல்லது எந்த ஆற்றுக்கு வந்து சேருகிறதோ, அந்த நிலப்பரப்பு முழுவதும் அந்தக் குளத்தின் அல்லது ஆற்றின் நீரேந்துப் பரப்பு ஆகும்.

இது சிறிதாகவும் இருக்கலாம், பெரிதாகவும் இருக்கலாம். ஒரு சின்னக் குளத்துக்கு ஒரு சிறிய பரப்பு. அந்தக் குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் கீழ்க்குளத்துக்குப் போகிறது. அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ள குளத்துக்குப் போகிறது. இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த குளங்களைக் குளத்தொடர் என்கிறோம். சிங்களத்தில் ‘எல்லங்காவ’ என்பர். பல குளத்தொடர்கள் சேர்ந்து ஓர் ஆற்றின் வடிநிலம் ஆகிறது. இலங்கை முழுவதும் இவ்வாறு 103 ஆற்று வடிநிலங்களாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

மனிதர் போட்ட எல்லையும் நீர் வகுத்த எல்லையும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. யான் ஓயாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 142 கிலோமீற்றர் நீளமான இந்த ஆறு, ஹுருளுவாவிக்கு நீர் கொடுத்து, ஹொரவப்பொத்தானைப் பக்கமாக வடகிழக்கே ஓடி, எங்கள் மாவட்டத்தில் புல்மோட்டைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. ஆறு ஒன்று, மாகாணமோ இரண்டு. மேலே பயிர் செய்பவர் சிங்களவராகவும் கீழே பயிர் செய்பவர் தமிழராகவோ முஸ்லிமாகவோ இருக்கலாம். மொழி வேறானாலும் எல்லோரும் ஒரே தண்ணீரின் அயலவர்கள்.

2. உதவியை நீர் எல்லைப்படி கொடுப்பது ஏன்?

தண்ணீர் கெட்டுப்போவது ஓரிடம். அந்தக் கேடு தெரிவது வேறிடம். மேற்குளத்து வயலில் அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியாவும் தெளித்த மருந்தும் கழிவு வாய்க்காலால் கீழ்க்குளத்துக்கு வருகின்றன. மேட்டுக் காட்டை வெட்டினால் மண் அரித்து வந்து கீழ்க்குளம் தூர்ந்துபோகிறது. கீழே இருப்பவர் தம் குளத்தை மட்டும் தூர்வாரினால் இரண்டு மாரியில் அது திரும்பவும் தூர்ந்துவிடும். பணம் கேடு தெரியும் இடத்தில் மட்டும் செலவானால் வீணாகும். கேடு தொடங்கும் இடத்திலும் செலவாக வேண்டும். அதனால்தான் உதவி வழங்குவோர் ஒரு முழு நீரேந்துப் பரப்பையும் ஒரே அலகாக எடுக்கிறார்கள்.

இது உலகின் பல பாகங்களில் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டத்தில் 1987ஆம் ஆண்டு 319ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. வயல், வீதி, பட்டி ஆகிய பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக வந்து சேரும் அழுக்கைக் குறைப்பதற்கு அப்பிரிவின் கீழ் மானியம் கொடுக்கிறார்கள். அந்நாட்டை வடிநிலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். மிகப் பெரிய வடிநிலத்துக்கு இரண்டு இலக்க எண். உள்ளே போகப் போக இலக்கம் கூடி, சிறிய பரப்புக்குப் பன்னிரண்டு இலக்க எண். அந்த மானியத்தில் பெரும்பகுதி வேலைகளுக்கு, குறித்த நீரேந்துப் பரப்புக்கென ஒரு திட்டம் எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கிருந்து அழுக்கு வருகிறது, எவ்வளவு குறைக்கலாம், யார் செய்வது, எப்படி அளந்து பார்ப்பது என்பவை அத்திட்டத்தில் இருக்க வேண்டும்.

அயல் நாடான இந்தியாவில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மகாராஷ்டிர மாநிலத்தின் வறண்ட ஊர்களில் 1989இல் இந்திய – ஜெர்மன் நீரேந்துப் பரப்பு அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு வழிகாட்டியவர் சுவிற்சர்லாந்தில் பிறந்த இயேசு சபைக் குரு ஹெர்மன் பாக்கர் அடிகளார். அங்கே ஓர் ஊர் உதவி பெற வேண்டுமானால் அந்த ஊர் மக்கள் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டியிருந்தது. கால்நடைகளைக் கட்டின்றி மேயவிடக் கூடாது. மரம் வெட்டக் கூடாது. வேலையில் ஒரு பகுதியைச் சிரமதானமாகச் செய்ய வேண்டும். வேலை மேட்டில் தொடங்கிப் பள்ளத்தை நோக்கி வர வேண்டும். பள்ளத்து வயல்காரர் முதலில் பொறுத்திருந்தார்கள். பிறகு அவர்களுடைய கிணறுகளிலேயே தண்ணீர் ஊறியது.

3. எங்கள் மாவட்டத்தில் நடந்தது

பசுமைக் காலநிலை நிதியம் என்ற சர்வதேச நிதியம் இலங்கையின் உலர் வலயத்துச் சிறு கமக்காரருக்கென 2016இல் ஒரு திட்டத்தை அனுமதித்தது. நிதியத்தின் பங்கு சுமார் 38 மில்லியன் அமெரிக்க டொலர். இலங்கை அரசாங்கமும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் 2017 தொடக்கம் அதைச் செயற்படுத்தின. கிராமக் குளங்களைத் திருத்துவதும், பாதுகாப்பான குடிநீர் கிடைக்கச் செய்வதும், வெள்ளம் வரட்சி பற்றிக் கமக்காரருக்கு முன்கூட்டியே அறிவிப்பதும் அதன் நோக்கங்கள்.

எங்கே செய்வது என்பதை எப்படித் தீர்மானித்தார்கள்? முதலில் மூன்று ஆற்று வடிநிலங்களைத் தெரிந்தார்கள். ஒன்று மல்வத்து ஓயா. மன்னாரில் இதையே அருவியாறு என்கிறோம். மற்றவை மீ ஓயாவும் யான் ஓயாவும். இந்த வடிநிலங்கள் தொட்ட காரணத்தால் ஏழு மாவட்டங்கள் திட்டத்துக்குள் வந்தன. திருகோணமலை அவற்றுள் ஒன்று. மாவட்டம் முழுவதும் தகுதி பெற்றது என்று இதற்குப் பொருளல்ல. யான் ஓயாவோடு தொடர்புள்ள பக்கமே கணக்கில் வந்தது. மூதூர்ப் பக்கமும் வெருகல் பக்கமும் மகாவலியின் கீழ்ப்பகுதிகள். வரட்சியும் வறுமையும் அங்கேயும் இருந்தன. ஆனால் அவை வேறு வடிநிலம்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு வேதனையும் இருக்கிறது. நீர் எல்லை அரசியல்வாதி விரும்பியபடி நீளாது, குறுகாது. அது நியாயம். ஆனால் கோட்டுக்கு வெளியே இருப்பவர் எவ்வளவு தாகமாக இருந்தாலும் அத்திட்டத்தில் அவருக்கு இடம் கிடையாது. ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, “எந்த வடிநிலத்துக்கு?” என்பதே.

4. கால்வாய் மேட்டைக் கடக்கும்

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இயற்கையாக ஓடும் நீர் மேட்டைக் கடக்காது. மனிதர் வெட்டிய கால்வாயும் பதித்த குழாயும் கடக்கும். கந்தளாய்க் குளம் தன் சொந்தப் பரப்பின் மழையை மட்டும் நம்பியதல்ல. அம்பன் கங்கையின் நீரை மின்னேரியா, கவுடுல்ல வழியாகக் கந்தளாய்க்குக் கொண்டுவர முற்காலத்திலேயே கால்வாய் வெட்டியிருந்தார்கள். கந்தளாய் நீரால் தம்பலகாமத்து வயல்கள் விளைகின்றன. திருகோணமலை நகரப் பக்கத்துக்குக் குழாய்நீரும் கந்தளாயிலிருந்தே வருகிறது.

ஆகவே உப்புவெளியில் குழாய்நீர் குடிக்கும் ஒருவர், தாம் கால்வைக்காத ஒரு நீரேந்துப் பரப்பில் தங்கியிருக்கிறார். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய் அணைக்கட்டு உடைத்தபோது கீழே இருந்த ஊர்கள் பட்ட அழிவை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அறிவது படிப்பறிவு மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்பும் ஆகும்.

5. முன்னோர் வைத்த வடிகட்டி

தண்ணீரின் தரத்தைக் காப்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுக்கொள்கை அல்ல. எங்கள் உலர் வலயத்துக் குளக்கட்டுகளில் அதற்கான ஏற்பாடு முன்பே இருந்தது. குளத்தின் மேல்விளிம்பில் மரக்கூட்டம் ஒன்று விடப்பட்டிருந்தது. அது காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைத்தது. அதற்கு மேலே புற்றரை. ஓடிவரும் நீரில் உள்ள மண்ணை அது பிடித்துக்கொண்டது. மண் குளத்துக்குள் வராமல் சிறு மண்வரம்புகளும் இருந்தன. அணைக்கட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஈரமான ஒரு காட்டுத்துண்டு இருந்தது. சிங்களத்தில் அதைக் ‘கட்டகடுவ’ என்பர். கட்டின் கீழால் கசிந்துவரும் நீரிலுள்ள உப்பை அங்குள்ள மரஞ்செடிகள் தடுத்து வயலைக் காத்தன. இந்தக் குளத்தொடர்க் கிராம முறையை உலக முக்கியத்துவம் பெற்ற விவசாய மரபுரிமையாக ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017இல் ஏற்றுக்கொண்டது.

காலப்போக்கில் பல ஊர்களில் இந்தக் காட்டுத்துண்டுகள் வயலாக்கப்பட்டன. எங்கள் ஊர்களிலோ வேறு விதமாக நடந்தது. ஆட்கள் இல்லாத இருபது முப்பது ஆண்டுகளில் குளக்கட்டில் மரம் வளர்ந்து வேர் கட்டைப் பிளந்தது. துருசு உடைந்தது. வயலும் காடும் வித்தியாசம் தெரியாமல் போயின.

6. இடம்பெயர்ந்தவருக்கு வரும் சிக்கல்

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தகப்பனாரின் இரண்டு ஏக்கர் வயல் குச்சவெளிப் பிரதேசத்தில், யான் ஓயாவின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறுகுளத்தின் கீழ் இருக்கிறது. தகப்பனார் காலமாகிவிட்டார். மகளும் மருமகனும் உப்புவெளியில் சிறு வளவில் இருக்கிறார்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் உப்புவெளியில். குடிப்பது வளவுக் கிணற்று நீர். கோடையில் அது உவர்க்கிறது.

குளத்தொடர் திட்டக்காரர் கேட்கிறார்கள்: “நீங்கள் இந்தக் குளத்தின் கீழ் வசிக்கிறீர்களா?” இல்லை. குடிநீர்த் திட்டக்காரர் கேட்கிறார்கள்: “நீங்கள் இவ்விடத்து நிரந்தரக் குடியா?” அதற்கும் தெளிவான பதில் இல்லை. இரண்டு வாசலும் மூடிக்கொள்கின்றன. நீர் எல்லை நேர்மையானதுதான். ஆனால் அது நிலத்தையும் குளத்தையும் எண்ணும். அவ்விடத்திலிருந்து துரத்தப்பட்டவரைத் தானாக எண்ணாது. அவர் தாமே போய்த் தம் பெயரைக் கோட்டுக்குள் எழுதுவிக்க வேண்டும்.

இதில் மூன்று ஆபத்துகளைக் கவனியுங்கள்.

முதலாவது, குளம் திருத்தும்போது நீர்ப் பங்கைத் திரும்ப எழுதுவார்கள். அப்போது இல்லாதவரின் பங்கு இருப்பவரின் பங்காகிவிடக் கூடும். இருப்பவரிலும் குற்றமில்லை, எழுதும் நாளில் வந்தவர்களின் பெயரையே எழுதுகிறார்கள்.

இரண்டாவது, நீரேந்துப் பரப்பில் மரம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஆளில்லாத காலத்தில் காடான காணி எல்லாம் ஆதியிலிருந்தே காடு என்று படத்தில் பச்சை பூசப்பட்டால், மேட்டுக்காணிக்காரர் வெளியே நிற்பார். திரும்பி வந்து, தம் காணி வனத் திணைக்கள எல்லைக்குள் அடங்கியிருக்கக் கண்ட குடும்பங்கள் இம்மாவட்டத்தில் இருக்கின்றன.

மூன்றாவது, காணி கணவன் அல்லது தகப்பன் பெயரில் இருக்க, அவர் இறந்தோ காணாமற்போயோ இருந்தால், பெண் தலைமை தாங்கும் குடும்பத்தின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இரண்டு நீரேந்துப் பரப்புகள் உண்டு. ஒன்று வயலின் பரப்பு. மற்றது இப்போது குடிக்கும் கிணற்றின் பரப்பு. இவற்றில் ஒன்றைச் சொன்னால் மற்றதை இழக்க வேண்டும் என்பதில்லை. வயலுக்குக் கேட்பது காணி உரிமை கொண்டு. குடிநீருக்குக் கேட்பது அங்கே வாழ்வது கொண்டு. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலக்காமல் தனித்தனியே கேளுங்கள்.

7. மணற்தரைக் கிணற்றின் எல்லை

உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்துக் கரையோர மணலில் மேட்டைக் கண்ணால் கண்டு எல்லை கீற முடியாது. இங்கே மழை மணலுக்குள் இறங்கி, உள்ளேயிருக்கும் உப்புநீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு ஓரடி மேலே நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். இயந்திரம் வைத்து இறைத்து மட்டத்தை அரையடி இறக்கினால், காலப்போக்கில் கீழே 20 அடி நன்னீரை இழக்க நேரும். 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின் கரையோரக் கிணறுகளைத் துப்புரவாக்க அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் உப்பு மேலே ஏறியதும் உண்டு.

இந்த மணலில் ஒருவருடைய மலக்குழி மற்றவருடைய கிணற்றுக்கு மேலே இருப்பதற்குச் சமம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர், அதாவது சுமார் 100 அடி, இருக்க வேண்டும் என்பது முகாம்களுக்கான சர்வதேச அளவுகோல். நெருக்கமான வளவுகளில் இது இயலாமல் போகிறது. பசளையாலும் மலக்குழியாலும் நீரில் நைத்திரேற்று சேரும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றும் உப்பும் போகமாட்டா.

ஆகவே கரையோரத்தில் ‘நீரேந்துப் பரப்பு’ என்பது எங்கள் வளவுகள் எல்லாம் சேர்ந்த பரப்பே. ஒரு வீட்டுக்குத் தனியாக உதவி கேட்பதிலும் பத்து வீடு சேர்ந்து கேட்பது பொருத்தமானது. மழைநீர்த் தாங்கி, பொதுவான நல்ல கிணறு, சரியாகக் கட்டிய மலக்குழி ஆகியவை அப்படிக் கேட்கக் கூடியவை.

8. நாம் செய்ய வேண்டியவை

(அ) பெயரைக் கண்டறியுங்கள். உங்கள் வயலுக்கு நீர் தரும் குளம் எது, அதற்கு மேலே எந்தக் குளம், கீழே எந்தக் குளம், எல்லாம் எந்த ஆற்றில் அல்லது களப்பில் சேர்கின்றன என்று முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஊரைக் காணாத பிள்ளைகளே எழுதட்டும். வட்டவிதானையாக இருந்தவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் போங்கள்.

(ஆ) எல்லையை நடந்து பாருங்கள். நில அளவைத் திணைக்களத்தின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுப் படத்தில் ஆறும் குளமும் சமவுயரக் கோடும் இருக்கும். ஆனால் எங்கள் தரை தட்டையானது. சிறு மேடுகள் படத்தில் விழா. மாரி மழையில் ஓடும் நீரைப் பின்தொடர்வதே நல்ல வழி. மழையில்லாத காலத்தில், நீர் நிரப்பிய தெளிவான குழாயை இருவர் இரு முனையில் பிடித்து மட்டம் பார்க்கலாம்.

(இ) படம் கீறுங்கள். பெரிய தாளில் குளம், கட்டு, துருசு, வான், வாய்க்கால், வயல், மேட்டுக்காணி, கோயில், பழைய கிணறு, வீட்டு அத்திவாரம் எல்லாவற்றையும் குறியுங்கள். காடான இடத்தில் முன்பு யாருடைய காணி இருந்தது என்பதையும் எழுதுங்கள். அழுக்கு நீர் சேரும் இடங்களை வேறு நிறத்தில் காட்டுங்கள். படத்தின் கீழே திகதியும், கீறியவர்களின் கையொப்பமும் இருக்கட்டும்.

(ஈ) இரண்டு பட்டியல் தயாரியுங்கள். ஒன்று, இக்குளத்தின் கீழ் வயல் உள்ளவர்கள். அவர்கள் இப்போது எங்கே இருந்தாலும் சரி. மற்றது, இப்போதிருக்கும் இடத்தில் ஒரே நிலத்தடி நீரைக் குடிப்பவர்கள். கணவன், மனைவி இருவர் பெயரையும் எழுதுங்கள்.

(உ) பத்திரங்களைச் சேருங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, பங்கீட்டு அட்டை, இடம்பெயர்ந்தோர் பதிவு ஆகியவை. தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் பிரதி கேட்கலாம்.

(ஊ) அமைப்பில் பெயரைப் பதியுங்கள். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயலுக்கு நீர் தரும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமக்காரர் அமைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன. உங்கள் வயல் உள்ள இடத்துக் கமநல சேவை நிலையத்தில் காணி இடாப்பைக் காட்டச் சொல்லி உங்கள் வயல் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

(எ) நீரைப் பரிசோதியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்தியும் பார்க்கலாம். கோடை முடிவில் ஒரு தடவை, மாரி முடிவில் ஒரு தடவை என இரண்டு முறை பார்த்தால்தான் உண்மை தெரியும். தண்ணீர் கெட்டது என்று வாயால் சொல்வதிலும் தாளில் இருப்பது பலமானது.

(ஏ) எழுத்தில் கேளுங்கள். மாதிரிக் கடிதம் ஒன்று கீழே:

‘ஐயா / அம்மணி, நாங்கள் ........ குளத்தின் கீழ் வயலுடைய ........ குடும்பங்கள். ........ ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து தற்போது ........ இல் வசிக்கிறோம். எமது குளம் ........ வடிநிலத்தில் அமைந்துள்ளது. நீரேந்துப் பரப்பின் படமும் காணியுடையோர் பட்டியலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இக்குளத்தை உள்ளடக்கும் எந்தத் திட்டத்திலும் எம்மையும் பங்காளராகப் பதியுமாறும், கூட்டத் திகதிகளைத் தற்போதைய விலாசத்துக்கு அறிவிக்குமாறும், நாம் சேர்க்கப்படாவிடின் அதற்கான காரணத்தை எழுத்தில் தருமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

பிரதி ஒன்றைக் கையில் வைத்து, கொடுத்த திகதியை முத்திரையுடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

9. மேலே இருப்பவரோடு பேசுங்கள்

படமும் பட்டியலும் முடிந்தபின் இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் குளத்துக்கு மேலே உள்ள குளத்துக் கமக்காரர்களைச் சந்தியுங்கள். அவர்கள் வேற்று மொழி பேசுபவராக இருக்கலாம். நீங்கள் இல்லாத காலத்தில் வந்தவராகவும் இருக்கலாம். மனக்கசப்பு இருப்பது இயல்பு. ஆனால் அவர்கள் மருந்தைக் குறைக்காவிட்டால் உங்கள் நீர் தெளியாது. நீங்கள் வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருக்காவிட்டால் மாரியில் அவர்கள் வயலில் நீர் தேங்கும். குளத்தொடர் திட்டம் ஒன்று வரும்போது மேலும் கீழும் சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம். காணி வழக்கு ஒருபுறம் நடக்கட்டும், அது வேறு. தண்ணீர்ப் பேச்சை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

திருவிவிலியத்தில் ஈசாக்கின் கதை எங்கள் கதை போன்றது. தகப்பன் ஆபிரகாம் வெட்டிய கிணறுகளை மற்றவர்கள் மண்ணிட்டு மூடிவிட்டார்கள். ஈசாக்கும் அவ்விடத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர் பிறகு அந்தக் கிணறுகளைத் திரும்பத் தோண்டி, தகப்பன் இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டார். புதிதாக வெட்டிய இரண்டு கிணறுகளுக்குச் சண்டை வந்தது. மூன்றாவதற்குச் சண்டை வரவில்லை. முன்பு அவரைப் போகச் சொன்னவர்களே கடைசியில் சமாதானம் பேச வந்தார்கள். அவர் பழைய பெயர்களை மறக்கவில்லை. புதிய இடத்தில் தோண்டுவதையும் நிறுத்தவில்லை. ஊர்க் குளத்தின் பெயரையும் உப்புவெளிக் கிணற்றின் தேவையையும் சேர்த்து வைத்திருக்கும் எங்களுக்கு அது போதுமான பாடம்.

அடுத்த மாரி தொடங்குமுன், அதாவது ஐப்பசிக்கு முன், உங்கள் படத்தைக் கீறி முடியுங்கள். மழை வந்ததும் அது சரியா என்று தண்ணீரே காட்டிவிடும்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு:

1. எங்கள் ஊர்க் குளத்துக்கு மேலே எத்தனை குளங்கள் உள்ளன? அவற்றின் பெயர்களை எங்கள் பிள்ளைகள் அறிவார்களா?
2. இப்போது குடிக்கும் நீரை எங்கள் வளவுகளில் உள்ள எது எது கெடுக்கிறது? செலவின்றி நாமே உடனே நிறுத்தக் கூடியது எது?
3. எங்கள் குளத்தின் காணி இடாப்பில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது? அவருக்காக யார் போய்ப் பேசுவது?
4. மேற்குளத்துக் கமக்காரரைச் சந்திக்க யாரை அனுப்பலாம்? முதலில் எதைப் பற்றிப் பேசுவது?